ஏரி பொது, மதகு யாருடையது? நிறுவனங்களின் நிரல்மொழிகள் எவ்வளவு திறந்தவை

ஆம்பூரில் காலணி தயாரித்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கணக்கு மேலாளர் எங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்: "சார், ஜாவா இலவசமா, காசு கட்டணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க." வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிப் பராமரித்துத் தரும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன், இருந்தும் அவருக்கு ஒரு சொல்லில் பதில் தர இயலவில்லை. ஜாவா என்ற நிரல்மொழியின் மூலநிரல், அதாவது அதைச் செய்யப் புரோகிராமர்கள் எழுதிய வரிகள், யாரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் மறுபடி வெளியிடவும் இடம் தரும் ஜி.பி.எல். உரிமத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அதே மூலநிரலிலிருந்து ஆரக்கிள் நிறுவனம் தொகுத்துத் தரும் பதிப்பைத் தொழிற்சாலையில் பயன்படுத்துவதற்கு, எந்தப் பதிப்பு, எப்போது இறக்கிய புதுப்பிப்பு என்பதைப் பொறுத்துக் கட்டணம் செலுத்த வேண்டியும் வரலாம். இரண்டும் உண்மை. எப்படி இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று விளக்கினால், நிறுவனங்கள் ஆளும் நிரல்மொழிகளின் திறந்த தன்மை என்னவென்பதும் விளங்கிவிடும்.

முதலில் கட்டணத்தைப் பார்ப்போம். ஜாவா 8-க்கான புதுப்பிப்புகள் 2019 ஏப்ரல் முதல் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டண உரிமத்தின்கீழ் வந்தன. 2021-இல் வெளிவந்த ஜாவா 17 தொடக்கத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் தரப்பட்டது. ஆனால் அதன் இலவசப் புதுப்பிப்புகள் 2024 செப்டம்பருடன் நின்றுவிட்டன. இதற்கிடையே 2023 ஜனவரியில் ஆரக்கிள் சந்தாவைக் கணக்கிடும் முறையையே மாற்றியது. அதற்கு முன் ஜாவா எத்தனை பேரால், எத்தனை புராசஸர்களில் பயன்படுத்தப்படுகிறது என்பது அளவுகோலாக இருந்தது. புதிய முறையில் நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கை அளவுகோல் ஆனது. 999 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு அப்போது அறிவிக்கப்பட்ட பட்டியல் விலை ஓர் ஊழியருக்கு மாதம் 15 டாலர். பகுதிநேர ஊழியர், தற்காலிக ஊழியர், உள்வேலைகளுக்கு உதவும் ஒப்பந்தப் பணியாளர் எல்லோரும் இந்தக் கணக்கில் சேருவர்.

600 பேர் வேலை செய்யும் ஆம்பூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் நிலைமை புரியும். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், பேக்கிங் பிரிவுகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேலை நேரத்தில் கணினியைத் தொடுவதே இல்லை. ஜாவா ஓடுவது கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு சர்வரில். ஆனாலும் பட்டியல் விலைப்படி ஆண்டுச் சந்தா 1,08,000 டாலர் ஆகிறது. மறுபக்கம், திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொகுக்கப்படும் டெமுரின், அமேசான் தரும் கொரெட்டோ, அஸூல் நிறுவனத்தின் ஜூலு, மைக்ரோசாஃப்ட்டின் பதிப்பு ஆகிய எல்லாமே ஓப்பன்ஜேடிகே என்ற அதே திறந்த ஜாவா மூலநிரலிலிருந்து செய்யப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்த ஒரு காசும் தர வேண்டாம்.

வட ஆர்க்காட்டில் ஏரிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நிலை புதிதாக இராது. காவேரிப்பாக்கம் போன்ற ஏரியின் நீர் ஆயக்கட்டு முழுமைக்கும் பொது. ஆனால் எந்த மதகு எந்த நாளில் எவ்வளவு உயர்த்தப்படும் என்பதை முடிவு செய்யும் உரிமை எங்கே இருக்கிறதோ, கடைமடை நிலம் காய்வதும் விளைவதும் அங்கேதான் தீர்மானமாகிறது. மென்பொருளில் மூலநிரல் உரிமம் என்பது நீர் பொது என்று சொல்லும் ஆவணம். மதகுகள் வேறு இடங்களில் இருக்கின்றன: பெயரின் உரிமையில், சான்றிதழ் தரும் சோதனையில், எந்த மாற்றம் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் கையில், செய்து முடித்த பொருளை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வழியில்.

ஜாவாவின் வரலாறு இந்த மதகுகள் ஒவ்வொன்றையும் காட்டக்கூடியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-இல் அதை வெளியிட்டது. 2006 நவம்பரில் ஜி.பி.எல். உரிமத்தில் திறப்பதாக அறிவித்தது. அதற்கு ஓர் ஆண்டு முன்பே திறந்த மூல மென்பொருள்களை வெளியிடும் அப்பாச்சி அறக்கட்டளை ஹார்மனி என்ற பெயரில் ஜாவாவைத் தானே முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருந்தது. ஒரு செயலாக்கம் ஜாவாவுடன் முழுமையாகப் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டுமானால், சன் வைத்திருந்த பொருத்தச் சோதனைத் தொகுப்பில் அது தேற வேண்டும். அந்தத் தொகுப்பைத் தருவதற்குச் சன் வைத்த நிபந்தனைகளை ஏற்றால், ஹார்மனியை எந்தச் சாதனங்களில் ஓட்டலாம் என்பதற்கு வரம்பு வந்துவிடும். அப்படி வரம்பிடப்பட்ட மென்பொருளைத் திறந்த மூல உரிமத்தில் வெளியிட முடியாது. 2007 ஏப்ரலில் அப்பாச்சி சன்னுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. தீர்வு வரவில்லை. 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகும் நிலை மாறாததால், அந்த ஆண்டு டிசம்பரில் ஜாவாவின் தரநிலைகளை முடிவு செய்யும் செயற்குழுவிலிருந்து அப்பாச்சி விலகியது. 2011-இல் ஹார்மனித் திட்டமும் முடிவுக்கு வந்தது. நிரல் எழுதும் திறனும் ஆட்களும் இருந்த அமைப்பு ஒன்று, சோதனைத் தாள் கிடைக்காத காரணத்தால் தேர்வு எழுத முடியாமல் திரும்பிய நிகழ்வு இது. திறந்த தன்மையைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் நினைத்துக்கொள்வது இதைத்தான்.

பெயரின் வலிமையைக் காட்டும் நிகழ்வு பிற்பாடு நடந்தது. பெருநிறுவனங்களின் சர்வர்களுக்கான ஜாவா ஈஈ தொகுதியை 2017-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குத் தர ஆரக்கிள் முன்வந்தது. நிரலைத் தந்தது, பெயரைத் தரவில்லை. ஜாவாக்ஸ் என்று தொடங்கும் பெயர்வெளியில் (நிரல்தொகுதிகளின் பெயர்களுக்கு முன்னால் வரும் பொதுப்பெயரில்) மேற்கொண்டு மாற்றம் செய்யவும் உடன்பாடு எட்டவில்லை. அதனால் 2020-இல் எல்லாவற்றையும் ஜகார்த்தா என்று பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. உலகெங்கும் அதை நம்பி எழுதப்பட்ட நிரல்களில் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இருந்த வரிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. வேலூரில் எங்களைப் போன்ற சிறு குழுக்களும் அந்தத் திருத்தத்தைச் செய்தோம். ஒரு சொல்லின் உரிமைக்காக எத்தனை பேரின் எத்தனை நாள் உழைப்பு செலவாகும் என்பதை அப்போதுதான் நான் நேரில் அறிந்தேன்.

ஹார்மனியின் நிரல் வீணாகவில்லை. கூகுள் அதை எடுத்து ஆண்ட்ராய்டின் அடித்தளத்தில் பயன்படுத்திக்கொண்டது. 2010 ஆகஸ்டில் கூகுள்மேல் ஆரக்கிள் தொடுத்த வழக்கின் மையத்தில் இருந்தது, ஜாவாவின் 37 நிரல்தொகுதிகளிலிருந்து ஆண்ட்ராய்டில் இடம்பெற்ற ஏறத்தாழ 11,500 அறிவிப்பு வரிகள். வேலையைச் செய்யும் நிரலை நகலெடுத்ததா என்பதன்று, அந்த வேலையை அழைக்கும் பெயர்களுக்கும் அமைப்புக்கும் பதிப்புரிமை உண்டா என்பது கேள்வி. உண்டு என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியைத் தீர்க்காமல், இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் வழக்காடும் பண வலிமை கூகுளுக்கு இருந்தது. அந்த வலிமை இல்லாத ஒருவர் அந்த வழக்கை முதல் ஆண்டுக்கு மேல் தாங்கியிருப்பாரா என்பதும் திறந்த தன்மையைப் பற்றிய கேள்விதான்.

இனி ஆண்ட்ராய்டுக்கு வருவோம். காகிதத்தில் உள்ள உரிமத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவு இங்கேதான் மிக அதிகம் என்பது என் கணிப்பு. ஆண்ட்ராய்டின் திறந்த மூலத் திட்டம் பெரும்பாலும் அப்பாச்சி உரிமத்தில் இருக்கிறது. யாரும் எடுத்துத் தங்கள் தொலைபேசியைச் செய்துகொள்ளலாம். காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி மாணவர்களுக்கு நான் நடத்தும் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலையில் ஊற்றிய பாலின் அளவைப் பதிந்து, உறுப்பினருக்கு அறிவிப்பு அனுப்பும் செயலி ஒன்றை மாணவர்கள் எழுதுவார்கள். பிறகு கூகுளின் சேவைகள் எதுவும் இல்லாமல், திறந்த மூலநிரலிலிருந்து மட்டும் செய்த ஆண்ட்ராய்டு உள்ள தொலைபேசியில் அதை நிறுவிப் பார்ப்போம். செயலி திறக்கும். பாலின் அளவைப் பதியலாம். அறிவிப்பு வராது, சேகரிப்பு நிலையங்களைக் காட்டும் வரைபடம் வெறுமையாக நிற்கும். ஏனெனில் அறிவிப்பு, வரைபடம், இருப்பிடம் கண்டறிதல் போன்றவற்றுக்காக மாணவர்கள் வழக்கமாகச் சேர்க்கும் நிரல்தொகுதிகள் கூகுள் ப்ளே சர்வீசஸ் என்ற மூடிய பகுதியை அழைக்கின்றன. திறந்த மூலநிரலை எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்த மாணவர்கள், தாங்கள் உண்மையில் எதன்மேல் நின்று எழுதினோம் என்பதை அன்று உணர்கிறார்கள்.

அந்த மூடிய பகுதி வேண்டும் என்றால் தொலைபேசி தயாரிப்பாளர் கூகுளுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலையில் 434 கோடி யூரோ அபராதம் விதித்தபோது சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று, கூகுளின் செயலிகளை முன்கூட்டியே நிறுவ விரும்பும் தயாரிப்பாளர், கூகுள் ஒப்புக்கொள்ளாத ஆண்ட்ராய்டு வடிவத்தில் ஒரு தொலைபேசிகூட விற்கக் கூடாது என்ற நிபந்தனை. மூலநிரலை எடுத்துத் தனி வடிவமாக வளர்க்கும், அதாவது கிளைபிரித்துச் செல்லும், உரிமையை உரிமம் தருகிறது. வணிக ஒப்பந்தம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 2022-இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த அபராதத்தைச் சற்றே குறைத்து 412.5 கோடி யூரோவாக்கியது. முடிவின் பெரும்பகுதியை உறுதி செய்தது. இந்தியாவிலும் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை ஏற்றுக்கொண்டு, ஆணையம் இட்ட உத்தரவுகளில் நான்கை நீக்கியது.

2019 மேயில் அமெரிக்க அரசின் தடை காரணமாக ஹுவாவேயின் புதிய தொலைபேசிகளுக்குக் கூகுள் சேவைகள் கிடைக்காமல் போயின. திறந்த மூலநிரலைப் பயன்படுத்த எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் சீனாவுக்கு வெளியே அந்தத் தொலைபேசிகளின் விற்பனை சரிந்தது. உலகின் மிகப் பெரிய தொலைபேசி நிறுவனங்களில் ஒன்றுக்கே உரிமம் தரும் சுதந்திரம் போதவில்லை என்றால், அந்தச் சுதந்திரத்தின் அளவு என்ன என்று கேட்பது நியாயம்.

2025-இல் மேலும் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஆண்ட்ராய்டின் வளர்ப்புப் பணி முழுவதையும் தன் உட்கிளைகளிலேயே செய்யப்போவதாகக் கூகுள் மார்ச்சில் அறிவித்தது. மூலநிரல் பிறகு வெளியிடப்படும், ஆனால் அது உருவாகும்போது வெளியார் பார்க்க இயலாது. ஆகஸ்டில், சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு சாதனங்களில் நிறுவப்படும் செயலிகளை எழுதுவோர், ப்ளே ஸ்டோருக்கு வெளியே தந்தாலும்கூட, தம் அடையாளத்தைக் கூகுளிடம் உறுதிப்படுத்த வேண்டும் என்றும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் இது தொடங்கும் என்றும் சொன்னது. எதிர்ப்பு எழுந்த பிறகு, ஆபத்தை அறிந்து ஏற்கும் பயனர்களுக்கு ஒரு மாற்று வழி இருக்கும் என்று நவம்பரில் அறிவித்தது. மோசடிச் செயலிகளால் பணம் இழந்தவர்கள் நம் ஊரிலும் உண்டு; பாதுகாப்பு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஊரிலிருக்கும் ஒருவர் தன் சங்கத்துக்கு எழுதிய செயலியைத் தன் உறுப்பினர் தொலைபேசியில் போட ஒரு தனியார் நிறுவனத்திடம் பதிவு பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை, திறந்த தளம் என்ற பெயரில் என்னால் அழைக்க முடியவில்லை.

செயலிகளை எழுதி ஓட்டுவதற்கான மைக்ரோசாஃப்ட்டின் தளமான டாட் நெட் எதிர்த் திசையில் வந்தது. அதில் எழுதப் பயன்படும் சி ஷார்ப் மொழி 2001-லேயே எக்மா என்ற தரநிலை அமைப்பின் தரநிலையாகப் பதிவானது. ஆனால் தரநிலை ஆவணம் இருந்ததே தவிர, மூலநிரல் மூடியே இருந்தது. அந்த ஆவணத்தை வைத்து மோனோ என்ற மாற்றை எழுதியவர்கள் காப்புரிமை வழக்கு வருமோ என்ற அச்சத்துடன் பல ஆண்டுகள் இருந்தார்கள். 2014 நவம்பரில் டாட் நெட்டின் புதிய வடிவமான டாட் நெட் கோர் திறக்கப்பட்டபோது அந்த நிலை மாறியது. இன்று கம்பைலர், இயக்கச் சூழல், அடிப்படை நிரல்தொகுதிகள் எல்லாம் தாராளமான எம்.ஐ.டி. உரிமத்தில் இருக்கின்றன. அப்படியிருந்தும் 2021 அக்டோபரில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமல் திருத்த உதவும் ஹாட் ரீலோட் வசதி, வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது திறந்த கருவியிலிருந்து நீக்கப்பட்டது; இனி மைக்ரோசாஃப்ட்டின் மூடிய கருவியான விஷுவல் ஸ்டூடியோவில் மட்டும் கிடைக்கும் என்றார்கள். எழுந்த எதிர்ப்பால் சில நாட்களில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதைப் பாராட்டலாம். ஆனால் அந்த வசதி போனதும் வந்ததும் நிறுவனத்துக்குள் எடுத்த முடிவால்தான்.

நிரல் எழுதுவதற்கான மைக்ரோசாஃப்ட்டின் கருவியான விஎஸ் கோட் விஷயத்தை மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும், ஏனெனில் ஏறத்தாழ எல்லாருடைய கணினியிலும் அது இருக்கிறது. அதன் மூலநிரல் எம்.ஐ.டி. உரிமத்தில் உள்ளது; நாம் இறக்கிக்கொள்ளும் பொருளோ மைக்ரோசாஃப்ட்டின் தனி உரிமத்தில் வருகிறது. அதனுடன் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகளான நீட்சிகளுக்கான சந்தையை மைக்ரோசாஃப்ட்டின் பொருள்கள் மட்டுமே பயன்படுத்தலாம். சி ஷார்ப் பிழைதிருத்தியின் உரிமமும் அப்படியே. விஎஸ்கோடியம் என்ற பெயரில் மூலநிரலிலிருந்து மட்டும் தொகுத்துப் பயன்படுத்துவோர் வேறொரு நீட்சிக் களஞ்சியத்தை நாட வேண்டியிருக்கிறது.

கூகுளின் கோ மொழி இவற்றைவிட நேர்மையான நிலையில் இருப்பதாக நான் கருதுகிறேன். முடிவெடுப்பது கூகுளின் குழுதான். அதை அவர்கள் மறைப்பதில்லை. 2019-இல் பிழைகளைக் கையாள முன்வைத்த திட்டத்தைப் பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் கைவிட்டார்கள். 2023-இல் பயன்பாட்டுத் தரவு தானாகச் சேகரிக்கப்படும் என்ற முன்மொழிவை, பயனர் விரும்பி இயக்கினால் மட்டுமே அனுப்பப்படும் என்று மாற்றினார்கள். ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி 2015 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஐபோன் செயலிக்குத் தேவையான ஸ்விஃப்ட் யூஐ போன்ற பகுதிகள் திறக்கப்படவில்லை.

உரிமமே மாறிவிடும் நிலையும் உண்டு. 2023 ஆகஸ்டில் ஹஷிகார்ப் நிறுவனம், சர்வர் போன்றவற்றை அமைக்க உதவும் தன் டெராஃபார்ம் மென்பொருளைத் திறந்த மூல உரிமத்திலிருந்து வணிகக் கட்டுப்பாடு உள்ள உரிமத்துக்கு மாற்றியது. பங்களித்த வெளியார் எல்லோரும் தொடக்கத்திலேயே உரிமைகளைத் தாராளமாக எழுதித் தரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்ததால், அவர்களைக் கேட்க வேண்டிய தேவை எழவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலில் இப்படிச் செய்ய முடியாது. அதன் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது. கூட்டுப் பட்டாவில் உள்ள நிலத்தை எல்லோர் கையெழுத்தும் இல்லாமல் விற்க இயலாதது போன்ற பாதுகாப்பு அது. பைத்தானில் வேறு வகைப் பாதுகாப்பு உண்டு. அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018-இல் தலைமையிலிருந்து விலகிய பிறகு, முடிவுகளை எடுப்பது ஐவர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. அதில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

டெராஃபார்ம் மாறிய சில வாரங்களில் ஓப்பன்டோஃபு என்ற கிளை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் உரிமம் மாற்றப்பட்டபோது, வால்கீ என்ற கிளை ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே அறிவிக்கப்பட்டது. இவ்வளவு விரைவு எப்படிச் சாத்தியமாயிற்று? அந்த மென்பொருளை நம்பித் தொழில் செய்யும் போட்டி நிறுவனங்கள், சம்பளம் வாங்கும் பொறியாளர்களுடன் தயாராக இருந்தன. இதுவே நான் கண்ட முக்கியமான உண்மை. கிளைபிரிக்கும் உரிமை உரிமத்தில் எழுதியிருப்பதால் மட்டும் வேலூரிலிருக்கும் ஐந்து பேர் கொண்ட நிறுவனம் ஜாவாவைக் கிளைபிரித்துப் பராமரிக்க முடியாது. பாதுகாப்புக் குறைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடைப்பதற்கே நமக்கு ஆள் போதாது. நம்மைக் காப்பது, அதைச் செய்ய வல்ல பலர், ஒருவரையொருவர் சாராமல், தத்தம் நலனுக்காக அங்கே நிற்பது. ஜாவா இன்று பாதுகாப்பாக இருப்பது அமேசானும் ரெட் ஹாட்டும் மைக்ரோசாஃப்ட்டும் அஸூலும் அதன்மேல் நிற்பதால். ஆண்ட்ராய்டில் ஒப்பந்தங்கள் அப்படிப்பட்ட பலர் உருவாவதையே தடுத்திருக்கின்றன. எனவே ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்கும் மாணவரிடம், உரிமக் கோப்பைப் படித்த கையோடு கடந்த ஓராண்டில் அதன் களஞ்சியத்தில் மாற்றங்களை ஏற்றுச் சேர்த்தவர்கள் எத்தனை நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆம்பூர்த் தொழிற்சாலைக்குத் திரும்புவோம். கணக்குச் சர்வரில் டெமுரின் பதிப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுவினோம். திங்கள் காலை எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஏற்றுமதிப் பிரிவில், பெட்டிகளின் பட்டியலை அச்சிடும் பழைய நிரல் ஒன்று மட்டும் ஓடவில்லை. அது இணையத்திலிருந்து நிரல்களை இறக்கி ஓட்டும் ஜாவா வெப் ஸ்டார்ட் வழியாகத் திறக்கும்படி எழுதப்பட்டிருந்தது. மற்றவை திறந்த மூலமானபோது அந்தப் பகுதி திறக்கப்படவில்லை; ஜாவா 11-இல் அது நீக்கப்பட்டும் விட்டது. ஓப்பன்வெப்ஸ்டார்ட் என்ற திறந்த மாற்றை வேறு சிலர் எழுதி வைத்திருந்ததால், அதைக் கொண்டு அந்த நிரலைத் திறக்க வைத்தோம். அந்த ஒரு நிரலுக்கு மட்டும் எங்களுக்கு மேலும் ஒன்பது நாட்கள் பிடித்தன.